எங்கே என்ற கேள்வியும் எத்தனை நாள் என்ற கேள்வியும்

இறுதியாண்டு பொது மருத்துவத் தேர்வில் எனக்கு லாங் கேஸாக, அதாவது விரிவாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டிய நோயாளியாகக் கிடைத்தவர் 58 வயதான ஒரு லாரி ஓட்டுநர். இடது கையும் இடது காலும் விழுந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. கொடுத்த நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு தலை முதல் கால் வரை பரிசோதித்து, ஏழு பக்கம் எழுதி, சுத்தியலை வெள்ளை அங்கியின் பையில் செருகிக்கொண்டு தேர்வாளர் முன்னால் நின்றேன். அவர் கேஸ் ஷீட்டைத் திறந்தே பார்க்கவில்லை. "என்னப்பா கண்டுபிடிச்ச?" என்றார். "லெஃப்ட் ஹெமிப்ளீஜியா சார்" என்றேன். "அதத்தான் அவர் வீட்டம்மாவே சொல்லிட்டாங்களே, இடது பக்கம் வெளங்கலன்னு. நீ அதுக்கு மேல என்ன கண்டுபிடிச்ச? கோளாறு எங்க இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. ஏழு பக்கங்களிலும் அந்த ஒரு வரி மட்டும் இல்லை. தேர்ச்சிக்குத் தேவையான மதிப்பெண்ணை எப்படியோ கொடுத்து அனுப்பினார். கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது. இப்போது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிந்துகொண்டே முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் காலத்தில், நரம்பியலையும் மனநல மருத்துவத்தையும் மறுபடி புரட்டும்போது, அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் புத்தகத்தைத் திறக்கிறேன்.

நீட் பிஜி தேர்வில் 200 கேள்விகள், சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறானால் ஒன்று கழியும். 2024 முதல் 40 கேள்விகளுக்கு 42 நிமிடம் என்று பகுதி பகுதியாகப் பூட்டிவிட்டார்கள். ஒரு பகுதி முடிந்தால் திரும்பிப் போக வழியில்லை. இந்த அவசரத்தில் நம்மில் பெரும்பாலோர் நரம்பியலைப் பயத்தில் கடைசிக்குத் தள்ளுகிறோம், மனநல மருத்துவத்தை "ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்" என்று அலட்சியத்தில் கடைசிக்குத் தள்ளுகிறோம். காரணம் வேறானாலும் இரண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன: பெயர்களை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுவாரம் மறந்துவிடுகிறோம். வெபர், வாலன்பெர்க், பிரௌன்-செக்கார் என்று நோய்க்குறித் தொகுப்புகளின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போனால் அவை நிற்கவே நிற்காது. மூளையின் வெளிப்படலமான பெருமூளைப் புறணியிலிருந்து தசை வரை இறங்கிவரும் ஒரே பாதையில் எந்தப் படியில் அடி விழுந்தது என்று பார்க்கத் தொடங்கினால், பெயரை மறந்தாலும் விடையைக் கட்டி எழுப்பிவிடலாம்.

பாதை எளிமையானது. புறணியில் அடிபட்டால் பலவீனம் சீராக இருக்காது. நடுப்பெருமூளைத் தமனி அடைத்தால் முகமும் கையும் அதிகம் விழும், முன்தமனி என்றால் கால் அதிகம் விழும். கூடவே பேச்சிழப்போ வலிப்போ வரலாம். சற்றுக் கீழே இன்டர்னல் காப்ஸ்யூலில் எல்லா இழைகளும் ஒரு சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போவதால், சின்ன அடைப்பு கூட முகம், கை, கால் மூன்றையும் ஒரே அளவில் வீழ்த்திவிடும். மூளைத்தண்டுக்கு வந்தால் முகத்தில் ஒரு பக்கமும் உடலில் மறுபக்கமும் என்று குறுக்காகத் தெரியும்: ஒரு கண்ணிமை தொங்கி எதிர்ப்பக்கக் கை கால் விழுந்தால் அது நடுமூளை, அதுவே வெபர். தண்டுவடத்தில் முகம் தப்பிக்கும். உடம்பில் ஒரு கோடு கிழித்தாற்போல அதற்குக் கீழே உணர்ச்சி இருக்காது, சிறுநீர் நின்றுபோகும். அந்தக் கோடு தொப்புளில் இருந்தால் பத்தாவது மார்பு நரம்பு. அதற்கும் கீழே புற நரம்பு என்றால் கையுறையும் காலுறையும் அணிந்தது போன்ற மரப்பு. நரம்பும் தசையும் சேரும் இடம் என்றால் காலையில் தெளிவாக இருந்து மாலையில் இமை தொங்கும். தசை என்றால் தோளும் இடுப்பும் முதலில் சோரும், உணர்ச்சியில் குறை இருக்காது. என் லாரி ஓட்டுநருக்கு முகம், கை, கால் மூன்றும் ஒரே அளவில் விழுந்திருந்தன, பேச்சு குளறினாலும் புரிதலும் சொல்வளமும் அப்படியே இருந்தன. வலப்பக்க இன்டர்னல் காப்ஸ்யூல் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

இந்தப் பாதையை ஆங்கிலப் புத்தகத்தில் படித்ததைவிட, வார்டில் ஒரு பேராசிரியர் தமிழில் நோயாளியிடம் கேட்ட கேள்விகளிலிருந்துதான் நான் அதிகம் கற்றேன். "கக்கூஸ்ல குத்துக்கால் போட்டு உக்காந்தா எந்திரிக்க முடியுதாம்மா?" என்றால் இடுப்புத் தசையைக் கேட்கிறார். "மேல் பலகையில இருக்கிற டப்பாவ எடுக்க முடியுதா, தலை சீவ முடியுதா?" என்றால் தோள். "சோறு பிசைஞ்சு சாப்பிட முடியுதா, சட்டைப் பொத்தான் போட முடியுதா?" என்றால் விரல்களின் நுண்தசை. இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது செருப்புக் கேள்வி. "செருப்பு காலை விட்டுக் கழண்டுபோகுதா?" என்று முதலில் கேட்பார், ஆமாம் என்றால், "கழண்டது அப்பவே தெரியுதா, பத்தடி போனப்புறம் கல்லு குத்தினாத்தான் தெரியுதா?" என்று அடுத்தது. தெரிந்தே கழன்றால் பிடிமானத் தசை பலவீனம். தெரியாமல் கழன்றால் உணர்ச்சி இழப்பு. சுத்தியலைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி நோயறிதல் முடிந்துவிடும். இருட்டில் தள்ளாடுகிறதா, முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடினால் சாய்கிறதா என்ற இரண்டையும் சேர்த்தால் தண்டுவடத்தின் பின்கற்றை வரைக்கும் தொட்டுவிடலாம்.

முகவாதமும் அப்படித்தான். வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு ஓரமாக வழிகிறது, குளிக்கும்போது ஒரு கண்ணுக்குள் மட்டும் சோப்பு போய் எரிகிறது என்று வருபவரிடம், நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பார்த்தால் போதும். முகத்தின் மேற்பகுதிக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் இழைகள் வருவதால், மூளையில் அடிபட்டவருக்கு நெற்றி சுருங்கும். முக நரம்பிலேயே அடிபட்ட பெல் முகவாதத்தில் அந்தப் பக்க நெற்றி வழவழவென்று கிடக்கும். முன்னவருக்கு உடனே சி.டி. ஸ்கேன், பின்னவருக்கு 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டும் கண்ணுக்குப் பாதுகாப்பும். பாதத்தின் வெளிவிளிம்பைக் கீறிப் பெருவிரல் மேலே போகிறதா என்று பார்க்கும் சோதனையைப் பாபின்ஸ்கி 1896இல் பாரிஸில் சொன்னார். எங்கள் நிலையத்தில் அதற்கு என் பைக் சாவிதான் கருவி.

இடம் தெரிந்த பிறகுதான் இரண்டாவது கேள்வி: எத்தனை நாளாக? நொடிகளில் வந்தது இரத்தக் குழாய்க் கோளாறு. மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் ஏறியது தொற்று அல்லது அழற்சி. காலில் தொடங்கிச் சில நாட்களில் மேலேறி, தசைநாண் எதிர்வினைகள் மறைந்துவிட்டால் குய்யான்-பாரே என்ற நரம்பு அழற்சி. மாதக்கணக்கு என்றால் கட்டி, வருடக்கணக்கு என்றால் சிதைவு நோய். இடம் உடற்கூறைச் சொல்கிறது, காலம் நோயின் தன்மையைச் சொல்கிறது. நுழைவுத் தேர்வில் வரும் நான்கு வரிக் கேள்விகளில் முதல் வரியில் வயதும் காலமும், நடு வரிகளில் இடமும் ஒளிந்திருக்கும். நாம் கடைசி வரியில் உள்ள இரத்தப் பரிசோதனை முடிவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

நம் பக்கத்துச் சங்கதிகளையும் ஒதுக்கிவிடக் கூடாது. இளைஞர் ஒருவருக்குப் புதிதாக வலிப்பு வந்து ஸ்கேனில் வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி தெரிந்தால், அது நாடாப்புழுவின் இளம்புழுப் பையா, காசநோய்க் கட்டியா என்ற கேள்வி இந்தியத் தேர்வுகளில் ஓயாமல் வரும். 20 மில்லிமீட்டருக்குள் இருந்து, மூளையை நடுக்கோட்டிலிருந்து தள்ளாமல் இருந்தால் புழுவின் பக்கம் சாயலாம் என்ற அளவுகோல் வேலூர் சி.எம்.சி.யில் உருவானது. 1949இல் ஜேக்கப் சாண்டி அங்கே தொடங்கிய துறைதான் நாட்டின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறை. இளம் வயதில் காது கேளாமையும் முகம், தொண்டைத் தசைப் பலவீனமும் கைகால் மெலிவும் சேர்ந்துவரும் அரிய நோய்க்கு உலகப் புத்தகங்களில் இன்றும் "மெட்ராஸ்" என்ற அடைமொழிதான். ஊர் பெயர் மாறியது. நோயின் பெயரை யாரும் மாற்றவில்லை.

இவ்வளவும் படித்த பிறகு நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். ஒரு காலை வேளையில் 66 வயதுப் பாட்டி ஒருவரை அவருடைய மகன் அழைத்துவந்தார். "ராத்திரி நல்லாத்தான் சாப்ட்டுப் படுத்தாங்க சார். காலைல எந்திரிச்சதுலேருந்து ஒளறிக்கிட்டே இருக்காங்க. என்னமோ புடிச்சிருக்குன்னு சொல்றாங்க" என்றார். பாட்டி சிரித்த முகத்தோடு, ஏற்ற இறக்கம் தவறாமல், எங்கள் பக்கத்துப் பேச்சின் இழுவையோடு பேசிக்கொண்டே இருந்தார்: "அந்தக் குடலைய மேல வெச்சுப்புட்டுத் தாலத்துக்குப் போயி மிடிச்சுட்டு வந்தேன்ல, அதாஞ்சாமி." தூரத்திலிருந்து கேட்டால் ஊர்ச்செய்தி பேசுவதாகத்தான் தோன்றும், கிட்டே வந்தால் ஒரு சொல்லுக்கும் பொருள் இல்லை. கை கால் நன்றாக அசைந்தன. வரிசையில் எண்பது பேர் நின்றிருந்தார்கள். நான் ஓ.பி. சீட்டில் மனநலப் பிரிவுக்கு என்று எழுதிவிட்டேன்.

செவிலியர் அக்கா பாட்டியின் வலப்பக்கமிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். பாட்டி பார்க்கவில்லை. மறுபடி நீட்டினார், பார்க்கவில்லை. அக்கா சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனதும் சட்டென்று வாங்கிக் குடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாடியைப் பிடித்தேன், தாளம் தப்பித் துடித்தது. நாக்கை நீட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் பேசினார். பேனாவைக் காட்டி இது என்ன என்றேன்; அதற்கும் ஒரு புதுச்சொல்தான் வந்தது. சீட்டை அடித்துவிட்டு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு 108இல் அனுப்பினேன். இதயத்திலிருந்து கிளம்பிய இரத்தக் கட்டி இடப்பக்க நடுப்பெருமூளைத் தமனியின் கீழ்க்கிளையை அடைத்திருந்தது என்பது ஸ்கேனில் தெரிந்தது. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான நாலரை மணி நேரம், நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. தூங்கி எழுந்தவருக்கு அது முந்தைய இரவு. ஆகவே என்னுடைய பத்து நிமிடத் தவறு அந்த மருந்தைத் தடுத்துவிடவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனாலும் அந்த அடித்த சீட்டு என் குறிப்பேட்டில்தான் இருக்கிறது.

பேச்சிழப்பை நான் இப்போது மூன்று கேள்விகளாக மட்டும் வைத்திருக்கிறேன். சரளமாகப் பேசுகிறாரா, சொன்னது புரிகிறதா, சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாரா? திக்கித் திணறி ஒவ்வொரு சொல்லாக வந்து, ஆனால் புரிந்துகொண்டால் அது புரோக்கா பேச்சிழப்பு. 1861இல் "டான்" என்ற ஓர் அசையை மட்டுமே சொல்ல முடிந்த நோயாளியை வைத்து புரோக்கா மூளையில் அந்த இடத்தைக் காட்டினார். சரளம் உண்டு, புரிதல் இல்லை என்றால் வெர்னிக்கி, 1874. இரண்டிலும் திருப்பிச் சொல்ல வராது. சரளமும் புரிதலும் இருந்து, திருப்பிச் சொல்வது மட்டும் கெட்டால் இரண்டையும் இணைக்கும் கற்றையில் கோளாறு. மனச்சிதைவு உள்ளவரின் பேச்சும் தொடர்பற்றுப் போகும் என்பது உண்மைதான். ஆனால் அவர் பேனாவைப் பேனா என்பார், சொன்னதைத் திருப்பிச் சொல்வார். 66 வயதில் ஒரே இரவில் மனச்சிதைவு தொடங்குவதில்லை. எத்தனை நாள் என்ற கேள்வியை நான் அன்று கேட்டிருந்தாலே போதும். மகன் அதற்குக் கேட்காமலே பதில் சொல்லியிருந்தார்.

இதே வெர்னிக்கியின் பெயர் 1881இல் இன்னொரு நோய்க்கும் வந்தது. அவர் மனநல மருத்துவர், நரம்பியலாளர் இரண்டுமாக இருந்தவர். அந்த இன்னொரு நோய்க்கு ஆளாகக்கூடிய குடிநோயாளிகள் எங்கள் வார்டுகளில் அன்றாடம் படுத்திருக்கிறார்கள். குடியை நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுக்கம், இரண்டு நாட்களுக்குள் வலிப்பு, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் வியர்வையும் படபடப்புமாகச் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கட்டிலிலிருந்து எழுந்து ஓடும் டெலிரியம் ட்ரெமன்ஸ். கால் எலும்பு முறிந்து சேர்ந்தவர் மூன்றாம் நாள் இரவு "பைத்தியம் பிடித்தாற்போல" ஆகிவிட்டார் என்று எலும்பு வார்டிலிருந்து அழைப்பு வந்தால், முதல் கேள்வி கடைசியாக எப்போது குடித்தார் என்பதுதான். இத்தகையவர்களுக்கு குளுக்கோஸுக்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு மூன்றும் சேர்ந்த வெர்னிக்கி மூளை நோயை நாமே வரவழைத்ததாகிவிடும்.

மனநல மருத்துவத்தில் எங்கே என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இல்லை. அதனால் எத்தனை நாள் என்ற கேள்வியே அங்கே நோயின் பெயரை முடிவுசெய்கிறது. மனச்சோர்வுக்கு இரண்டு வாரம், பித்தெழுச்சிக்கு ஒரு வாரம், அதன் மிதமான வடிவத்துக்கு நான்கு நாள், பொதுவான பதற்ற நோய்க்கு ஆறு மாதம். மனச்சிதைவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் ஒரு மாதம், அமெரிக்க வகைப்பாட்டில் ஆறு மாதம். எந்த வகைப்பாட்டைக் கேட்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் மதிப்பெண்ணை இழந்தவர்களில் நானும் ஒருவன்.

மனச்சிதைவைச் சுட்டும் ஷ்னைடரின் முதல்நிலை அறிகுறிகளை ஆங்கிலப் பட்டியலாக எத்தனை முறை படித்தும் எனக்கு ஏறவில்லை. நோயாளிகள் சொல்லும் வாக்கியங்களாக மாற்றி எழுதிய பிறகு மறக்கவில்லை. "என் மண்டைக்குள்ள அவங்க எண்ணத்தப் போடுறாங்க." "நான் நெனைக்கிறது அப்படியே டிவியில வருது." "இப்ப எந்திரிக்கிறான், இப்ப டீ குடிக்கிறான்னு ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருக்கான்." "ரெண்டு பேரு என்னப் பத்திப் பேசிக்கிறாங்க." "கையத் தூக்குறது நான் இல்ல, அவங்க தூக்க வெக்கிறாங்க." அதே சமயம், ஆடி மாதத் திருவிழாவில் சாமி வந்து அருள்வாக்குச் சொல்பவரை இந்தப் பட்டியலுக்குள் தள்ளிவிடக் கூடாது, ஒருவருடைய பண்பாட்டுச் சூழலில் எல்லோரும் ஏற்கும் நம்பிக்கை மாயநம்பிக்கை ஆகாது என்பது வரையறையிலேயே இருக்கிறது. மனநிலைப் பரிசோதனையில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதும் அப்படித்தான். பள்ளிக்குப் போகாத ஒருவரிடம் அதைக் கேட்பது அவருடைய கவனத்தை அளக்காது. இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லலாம். அருவச் சிந்தனையைச் சோதிக்க "யானைக்கும் அடி சறுக்கும்"னா என்ன என்று கேட்பேன். ஒரு பெரியவர், "சேத்துல நடந்தா சறுக்கத்தானே செய்யும்" என்றார். அதை உருவச் சிந்தனை என்று குறித்துக்கொண்டேன். ஆனால் அவர் யானைப்பாகனாக இருந்தவர் என்பது பிறகு தெரிந்தது.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் அதுவே எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்ற பயம் மாணவர்களிடம் இன்றும் இருக்கிறது. கிளப்பாது, கேட்கப்பட்டதில் பலருக்கு ஆறுதல்தான். தேர்வில் இதோடு சட்டமும் வரும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. 95ஆம் பிரிவு மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாத மின்அதிர்வுச் சிகிச்சையைத் தடை செய்கிறது. எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதையும் தடை செய்கிறது. அந்தக் கடைசி வரியைத் தமிழ்நாட்டில் படிப்பவர்கள் வெறும் ஒற்றை மதிப்பெண் கேள்வியாகப் படிக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

இரண்டு பாடங்களும் சந்திக்கும் எல்லையில் இன்னும் சில உண்டு. இளம்பெண் ஒருவருக்குச் சில நாட்களில் மாயநம்பிக்கையும் கலவரமும் வந்து, பிறகு வலிப்பும் வாயின் விநோத அசைவுகளும் சேர்ந்தால், 2007இல் விவரிக்கப்பட்ட என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பொருள் மூளை அழற்சி. சினைப்பையில் கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டும். பதின்வயதில் குணம் மாறி, படிப்பு சரிந்து, கை நடுங்கினால் கருவிழி ஓரத்தில் வில்சன் நோயின் செம்பு வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொதுவாக, காதில் குரல் கேட்பதைவிடக் கண்ணில் உருவம் தெரிவதும், பகலில் தெளிந்து இரவில் குழம்புவதும் உடல் நோயின் பக்கம் கைகாட்டும்.

மருந்துகளைப் பற்றி நீட்டிச் சொல்லப் போவதில்லை. லித்தியத்துக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை அளவு, 1.5ஐத் தாண்டினால் நச்சு. வயிற்றுப்போக்கோ, கடையில் வாங்கிப் போட்ட வலி மாத்திரையோ அந்தக் கோட்டைத் தாண்டவைத்துவிடும். க்ளோசபினுக்கு வெள்ளணு எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். மனச்சிதைவு மருந்துகளின் பக்கவிளைவுகளைக் காலவரிசையில் படித்தால் போதும்: மணி நேரத்திலும் சில நாட்களிலும் தசை முறுக்கு, நாட்களிலும் வாரங்களிலும் ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, வாரங்களில் பார்க்கின்சன் போன்ற விறைப்பு, மாதங்களிலும் வருடங்களிலும் வாயும் நாக்கும் தானாக அசைவது. காய்ச்சலும் ஈயக்குழாய் போன்ற விறைப்பும் சேர்ந்தால் எந்த நாளானாலும் மருந்தை நிறுத்த வேண்டும்.

போன மாதம் இரவுப் பணியில் 15 வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கழுத்து பின்னால் வளைந்து, விழிகள் மேலே சொருகி, நாக்கு வெளியே வந்திருந்தது. நினைவு தெளிவாக இருந்தது. கண்ணில் நீர் வழியப் பயந்துபோய் என்னையே பார்க்க முயன்றுகொண்டிருந்தான். பாட்டி நெற்றி முழுக்க விபூதி பூசி, கையில் வேப்பிலை பிடித்திருந்தார். எத்தனை நேரமாக என்று கேட்டேன். சாயங்காலத்திலிருந்து என்றார்கள். மதியம் என்ன சாப்பிட்டான், எங்கே போனான் என்று கேட்டுக்கொண்டே வந்ததில், வாந்திக்காக மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட்டது தெரிந்தது. அதுவும் அதே தசை முறுக்கைக் கொண்டுவரும் மருந்துதான். ப்ரோமெத்தசின் ஊசி போட்டுவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேரானது, விழி இறங்கியது. பையன் முதலில் கேட்டது தண்ணீர். "அந்தத் துன்னூறுதான் சாமி காப்பாத்துச்சு" என்றார் பாட்டி. "சரிங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு, ஓ.பி. சீட்டின் மேல் விளிம்பில் அந்த மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, கீழே இதை இவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு முறை கோடிட்டுக் கொடுத்தேன்.